2094 வரை போகும் கையெழுத்து

கேரள அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கரமனையிலிருந்து எழுதுகிறேன். மலையாளத்தில் ஒரு மனுவைத் தங்கள் அலுவலகத்தில் முறைப்படி கொடுத்துவிட்டேன். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், வயதான தகப்பனின் பெட்டியை ஒருநாள் திறந்து பார்க்கப்போகும் பிள்ளைகளும் இதைப் படிக்கவேண்டும்.

அப்பாவுக்கு 83 வயது. ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வவுச்சரில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டு வருடமாக மறதி. காலையில் படித்து மடித்து வைத்த பேப்பரை, இன்னும் வரவில்லையே என்று மத்தியானம் கேட்கிறார். வீட்டுக் கரம் கட்டிய ரசீதைத் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். வீட்டின் ஆதாரப் பத்திரத்தோடு சேர்த்து, அதே நாடாவில் கட்டி, இரண்டு டைம்ஷேர் சான்றிதழ்களை வைத்திருந்தார்.

ஒன்று 1995இல் வாங்கியது. ஒரு மலைவாசஸ்தலத்தில் வருடத்துக்கு ஏழு நாள் தங்கலாம், 99 ஆண்டுகளுக்கு. 2094இல் முடிகிறது. மற்றது 2012இல், அவருடைய 70ஆவது வயதில் வாங்கியது. அது 25 ஆண்டு. முடியும்போது அப்பாவுக்கு 95 வயது. வங்கியில் கடன் கேட்டுப் போனால் முதலில் வயதைக் கேட்பார்கள். எழுபது வயதுக்காரரிடம் இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

அந்த இரண்டாவது கையெழுத்தைப் பற்றி அம்மா இருந்தபோது சொல்லியிருக்கிறாள். பெட்ரோல் பங்கில் நிரப்பிக் கொடுத்த கூப்பனுக்குப் பரிசு விழுந்திருப்பதாக ஒரு போன். கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வரவேண்டும் என்று நிபந்தனை. ஹோட்டல் ஹாலில் மூன்று மணி நேரம். ஒருவர் பேசி ஓய்ந்தால் இன்னொருவர் வந்து உட்காருவார். பக்கத்து மேசையில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்று கைதட்டல். இந்த விலை இன்று ராத்திரியோடு சரி என்ற அவசரம். கடைசியில் அப்பாவைப் பேனா எடுக்க வைத்தது ஒரே பேச்சுதான்: உங்களுக்குப் பிறகு இது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து. தனக்கு ஒரு சட்டை வாங்க நாலு தடவை யோசிப்பவர் அப்பா. பிள்ளைகளுக்கு விட்டுப்போவது என்றால் யோசிக்கமாட்டார். அதைக் கண்டுகொண்டு அங்கே கை வைத்தார்கள். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

விடுமுறைத் தங்கலை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் இரண்டு முறை போய்வந்தோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அம்மா சிரிக்கும் படம் கூடத்தில் இருக்கிறது. எங்களோடு ஒப்பந்தம் போட்டவர்களின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் கேட்பது, சொத்து என்றார்களே, அது எங்கே என்பதுதான்.

அசையாச் சொத்தில் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையைக் கைமாற்றும் பத்திரம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாகவேண்டும். அப்பாவின் தாள்களில் சப் ரிஜிஸ்தரார் ஆபீஸ் முத்திரை இல்லை. நிலவரிப் பதிவேட்டில் வரும் தண்டப்பேர் எண் இல்லை. போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், செய்துதரச் சொல்லி வில்லேஜ் ஆபீஸுக்கு எடுத்துப் போக அதில் ஒன்றுமே இல்லை. இது தங்கும் வசதியைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே, நிலத்திலோ கட்டடத்திலோ எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று உள்ளே பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணம் மட்டும் சொந்தக்காரனிடம் கேட்பதுபோல வருடம் தவறாமல் வருகிறது, போனாலும் போகாவிட்டாலும். அம்மா போன பிறகு அப்பா எங்கும் போகவில்லை. நிலுவை சேர்ந்தது, அதன்மேல் வட்டி ஏறியது. கடைசியாக வந்த கடிதத்தில், உறுப்பினரோ அவருடைய சட்டப்படியான வாரிசுகளோ தொகையைக் கட்டவேண்டும் என்று இருந்தது.

போன் செய்து, எங்களுக்கு ஒரு பைசாவும் திருப்பித் தரவேண்டாம், தாளை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றார்கள். என் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் படிவம் இருந்தது. அதற்குக் கட்டணமும் இருந்தது.

அந்த மாதமே வேறொரு எண்ணிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முன்பணம் 18,000 ரூபாய் அனுப்புங்கள் என்று. அப்பா செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். நான் வீட்டில் இருந்தேன், பிழைத்தோம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, வயதானவர்கள் தனியே போன் எடுக்கும் வீடுகள் இந்த நகரத்தில் எத்தனை என்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 8.6.

வாரிசுகள் என்ற அந்த ஒரு சொல் என்னை மூன்று இரவு தூங்கவிடவில்லை. பிறகு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, கொடுத்த வாக்கு நிறைவேறுமுன் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறு நோக்கம் தெரியாத வரை, அது அவருடைய பிரதிநிதிகளைக் கட்டும். எவ்வளவு தூரம் கட்டும் என்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகள் வரம்பு போடுகின்றன: இறந்தவரிடமிருந்து வாரிசின் கைக்கு வந்த சொத்தின் அளவு மட்டுமே. என் சம்பளத்தைத் தொடமுடியாது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனுடைய தர்மம் என்ற பழைய இந்து விதியையும் இந்த மாநிலம் 1975ஆம் ஆண்டின் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தில் எடுத்துவிட்டது. அது 1976 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. இதையெல்லாம் கேட்டபோது ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், அப்பாவிடமிருந்து எங்கள் கைக்கு வரப்போகும் சொத்து இந்தக் கரமனை வீடுதான். மலைமேல் இருக்கும் அறைக்கான கட்டணம் இந்த வீட்டைத் தேடி வராது என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. அப்பா பெயரில் பாக்கி நிற்கக் கூடாது என்ற நினைப்பு எங்கள் வீடுகளில் எந்தச் சட்டத்தையும் விடப் பழையது. அந்தக் கடிதம் நம்பியிருப்பது அதைத்தான்.

இரண்டாவது தாளில் அப்பா என் தங்கையை நாமினியாக எழுதியிருக்கிறார். அவள் மஸ்கட்டில் இருக்கிறாள். நாமினி வேறு, வாரிசு வேறு என்று உச்சநீதிமன்றம் 1984இல் ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றியும் 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகள் பற்றியும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, அப்பா காலத்துக்குப் பிறகு அந்த ஏழு நாள் எங்கள் இருவருக்கும் பொது. வாரிசுச் சான்றுக்குத் தாலுக்கா ஆபீஸ், கெஜட் விளம்பரம், ஆட்சேபணைக் காலம் எல்லாம் தாண்டி வந்தால், கையில் கிடைப்பது மேலும் ஒரு கட்டண ரசீது.

அப்பா இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு முட்டு. முக்தியார் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கினாலும், எழுதிக் கொடுத்தவரின் சித்தம் தெளிவிழந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அது முடிந்துபோகும். கோமாவில் கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க கேரள உயர்நீதிமன்றம் 2019இல் வழிமுறை வகுத்தது. சட்டம் வாய் திறக்காத இடத்தில் நீதிமன்றம் காட்டிய கருணை அது. மறதியால் மெல்லமெல்லத் தேய்கிறவரின் பிள்ளை ஒரு ஒப்பந்தத்தை ரத்து செய்யவேண்டுமானால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் போட்ட விதிப்படி, டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களில் அவரிடம் முன்பணம் வாங்கக் கூடாது. ஸ்பெயினில் 50 ஆண்டு வரம்பை மீறிய, முடிவில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. விலகும் நாட்களை நிறுவனங்கள் தாங்களாகக் கொடுத்தால் உண்டு.

தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கையில் இருக்கும் சட்டமே போதும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று சொல்கிறது. நுகர்வோர்மேல் அநியாயமான கட்டணமோ கடமையோ சுமத்துவதும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க 49ஆம் பிரிவு மாநில ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த ஆணையம் இந்த நகரத்திலேயே, வழுதக்காட்டில் இருக்கிறது. இறந்துபோன நுகர்வோரின் வாரிசு புகார் கொடுக்கலாம். அது எல்லாரும் அறிந்தது. 35ஆம் பிரிவைப் பாருங்கள்: மாநில அரசும் புகார் கொடுக்கலாம்.

நான் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு மகனும் மகளும் தனித்தனியே வக்கீல் பிடித்து, லீவு போட்டு, வாய்தா வாய்தாவாக அலையவேண்டாம். வாரிசின் சம்மதம் கேட்காமலே அவர்மேல் ஏறும் வருடக் கட்டண நிபந்தனையை எதிர்த்து அரசே புகார்தாரராக ஆணையத்தின் முன் நிற்கட்டும். கையெழுத்துப் போட்டவரின் ஆயுளோடு ஒப்பந்தம் முடியவேண்டும். வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வாரிசுக்கு மட்டும் அது தொடரட்டும். முதியோர் ஆணையத்துக்கென 2025இல் கேரளச் சட்டசபை சட்டம் நிறைவேற்றியது. வயதானவர்களின் இந்தத் தாள்களைப் பார்வையிட அந்த ஆணையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநில நுகர்வோர் பாதுகாப்பு மன்றத்துக்குத் தாங்களே தலைவர். வருடத்தில் இரண்டு கூட்டமாவது நடக்கவேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அழைத்தால் அந்த நாடாக் கட்டோடு வருகிறேன். நல்ல நாளாக இருந்தால் அப்பாவையும் கூட்டிவருவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு மகன்
கரமனை, திருவனந்தபுரம்