பட்டினி கிடந்தவர்மேல் பழி போடாதீர்கள்

இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டைப் பற்றிக் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில ஜெபக்கூட்ட மேடைகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: "அது தேவன் நம் தேசத்துக்கு வைத்த சோதனை. அவரை முழுமனதோடு நம்பியவனுக்கு ஒன்றும் குறையவில்லை. தசமபாகம் தவறாமல் கொடுத்தவன் வீட்டு அடுப்பு அணையவில்லை. குறைபட்டவன் தன் விசுவாசத்தை ஆராய்ந்து பார்க்கட்டும்." இப்படிப் போதிக்கும் ஊழியர்களுக்கு விசுவாசியாகவே பதில் சொல்கிறேன். உங்கள் போதனை ஏழையை அவமதிக்கிறது. அதைவிடக் கொடுமை, கடவுளை அவமதிக்கிறது.

முதலில் 'தேவன் வைத்த சோதனை' என்பதைப் பார்ப்போம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்தது அரசாங்கம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததும் அரசாங்கம்தான். அந்த மாதக் கடைசியில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் 4,860 ரூபாய்க்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உட்படப் பலர் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஆட்களைப் பெயர் சொல்லிக் காட்டிய பிறகும் நீங்கள் தேவனின் பெயரைச் சொல்கிறீர்கள். குற்றவாளிக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த வழக்கறிஞரும் செய்ய முடியாது.

'நம்பியவனுக்குக் குறையவில்லை' என்கிறீர்கள். அந்த நாட்களில் கொட்டாஞ்சேனை வீதியோரங்களில் வெறும் காஸ் சிலிண்டர்கள் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, பெயின்டில் பெயர் எழுதப்பட்டு, வரிசையாகக் கிடந்தன. களவு போகாமல் பார்க்க இரவிரவாகப் பக்கத்தில் குந்தியிருந்த பெண்களின் கையில் ஜெபமாலை இருந்தது. அவர்களுடைய புருஷன்மார் துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமந்து அன்றாடம் உழைப்பவர்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பல அடுப்புகள் எரிந்ததற்குக் காரணம், கனடாவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. வெளிநாட்டில் பிள்ளை இருப்பவரை விசுவாசி என்றும், இல்லாதவரை அவிசுவாசி என்றும் பிரிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் உயிர்த்த ஞாயிறு பூசைக்கு வந்து குண்டுக்குப் பலியானவர்களிடம் எந்த விசுவாசம் குறைந்திருந்தது? அந்தக் குண்டுத்தாக்குதல் வழக்கிலும் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் கடமையைச் செய்யாதவர்களைத்தான் உயர் நீதிமன்றம் பொறுப்பாளிகள் ஆக்கியது.

தசமபாகத்துக்கு மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து நீட்டுகிறீர்கள். பத்தாம் வசனம் மனப்பாடமாக வரும் உங்களுக்கு ஐந்தாம் வசனம் ஏன் வாயில் வருவதில்லை? கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களையும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களையும் அங்கேதான் கர்த்தர் எச்சரிக்கிறார். உபாகமம் பதினான்காம் அதிகாரம் மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறது. காஸ் வரிசையில் நின்ற விதவையிடம் தசமபாகம் கேட்பவர் இந்த வேதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

கடவுள் போஷிப்பார் என்பதை நானும் நம்புகிறேன். எப்படிப் போஷிக்கிறார் என்பதிலும் வேதம் தெளிவாக இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னா விழுந்தபோது அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை, பதுக்கியது புழுத்தது. பஞ்சம் வரும் என்று அகபு சொன்னதைக் கேட்ட அந்தியோகியா சபை, யூதேயாவில் உள்ளவர்களின் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்கவில்லை. அவரவர் சக்திக்கு ஏற்பப் பணம் சேர்த்து அனுப்பியது. சைவ மரபும் இதையே சொல்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் பெற்ற படிக்காசு, பொருளாக மாறி அடியார்களின் இலையில் சோறாக விழுந்தது என்கிறது பெரியபுராணம். பசித்திருந்த அடியாரிடம் அவர்கள் பக்திக்குச் சாட்சி கேட்கவில்லை.

2022இலும் அப்படித்தான் நடந்தது. கொழும்பில் சில தேவாலயங்கள் சமூக சமையலறை திறந்து, சாதி மதம் கேட்காமல் சாப்பாடு போட்டன. தேவன் போஷித்தார் என்பதற்கு அந்தப் பானைகளே சாட்சி. அதே மாதங்களில் உங்கள் காணிக்கைப் பெட்டிக்கு வந்த பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று சபையின் முன் கணக்கு வையுங்கள். காஸ் வரிசையில் நின்ற தாய்மாரிடம், அவர்களுடைய விசுவாசத்தைப் பழித்த அதே மேடையில் நின்று மன்னிப்புக் கேளுங்கள். அதைச் செய்யும்வரை சோதனையைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் ஏழைகளுக்குப் போதிக்க உங்களுக்கு உரிமை இல்லை.