ஊசி என்னும் சொல்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் நீரிழிவுக்காக வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வோர் பலர். மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட மருந்தும் உண்டு. 100 அலகு கொண்டதும் உண்டு. ஊசிக்குழலும் அதற்கேற்ப இருவகைப்படும். 40க்கு உரியது சிவப்பு மூடியுடனும் 100க்கு உரியது ஆரஞ்சு மூடியுடனும் வரும். 100 அலகு மருந்தை 40க்குரிய குழலில் பத்தாம் கோடு வரை ஏற்றினால், உடலுக்குள் செல்வது 10 அலகன்று, 25 அலகு. குருதிச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். உயிரே போகவும் கூடும். இதை எச்சரிக்கும் எழுத்துகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன.

செக் மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரே. ஆயினும் செக் நாட்டில் மருத்துவக் கருவியை விற்க வரும் நிறுவனம் அம்மொழிக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடியே ஆகவேண்டும். பயன்படுத்துவோருக்கான குறிப்புகள் அந்தந்த நாடு வரையறுத்த மொழியில் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். பன்மடங்கு மக்கள் பேசும் தமிழுக்கு அத்தகைய தேடல் அரிது. சட்டம் கேட்டால்தான் நிறுவனம் தேடும். ஆகவே சட்டம் கேட்கவேண்டும்.

இருமொழி அறிந்தவர் எவராயினும் போதும் என்று எண்ணிவிடலாகாது. தமிழில் ‘ஊசி’ என்பது கூர்முனையையும் குறிக்கும், குழலையும் குறிக்கும், ஏற்றப்படும் மருந்தையும் குறிக்கும். ‘ஊசியை மாற்றுக’ என்று எழுதினால் நோயாளி எதை மாற்றுவார்? கருவியைக் கையில் எடுத்துப் பாராதவர் இவ்வையத்தைக் காணவும் மாட்டார்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். அவர் மொழிபெயர்த்தவை அவரே கையாண்ட துறையைச் சார்ந்தவை. அயல்நாட்டார் ஒருவருக்கு இயன்றது இது.

இன்று அத்தகையோரைத் தொலைவில் தேடவேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் மருத்துவம் கற்கும் மாணவர் ஊர்ப்பேச்சையும் அறிவார், கருவியின் ஆங்கிலத்தையும் அறிவார். 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இப்பணியைத் தொடங்கலாம். உரிய ஊதியமும் தரவேண்டும். தொண்டென்று சொல்லி வாங்கும் வேலையில் பிழைதிருத்தம் நடப்பதில்லை. குறிப்பை அச்சிடுமுன், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மூதாட்டி ஒருவரிடம் அதைப் படித்துக்காட்டி, அவர் எந்த மூடியுள்ள குழலை எடுக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.