வெயிலுக்கு வீடு சரி, வெள்ளத்துக்கு?

முத்துக்காகப் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் வந்த தூத்துக்குடிக்கு, இன்று வியட்நாமியர் வந்திருக்கிறார்கள். அவர்களது வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பிழைப்புத் தேடி வெளியூராரும் வருவார்கள். ஆள் வந்தால் வீடு வேண்டும் அல்லவா?

வருகிறவர்களுக்குத் தெரிந்த பயம் ஒன்றே: வெயில்! (வியட்நாமியருக்கு அது புதிதல்ல.) வெயிலுக்கு வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. கனத்த மண் சுவர், பனை ஓலைக் கூரை, நிழலுக்குத் திண்ணை.

மண் சுவர் என்றால் இளப்பமா? பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய மண் கோட்டை, 1801 மார்ச் 31-ல் மெக்காலேயின் படையைத் திருப்பி அனுப்பியது. அது விழுந்தது மே 24-ல்தான்.

பீரங்கிக்கு நின்றாலும், தேங்கும் நீருக்கு மண் நிற்காது. ஆகவேதான் ஊர் மேட்டில், குளம் பள்ளத்தில் என்று முன்னோர் கணக்கு வைத்தார்கள். இன்றோ பள்ளத்திலும் மனைக்கல் நடுகிறார்கள்! சிமெண்டு வீடு கரையாது; உள்ளே தண்ணீர் புகாது என்று யார் சொன்னது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையை விட அதிகம்! குளங்கள் உடைந்தன, தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியது.

மனை வாங்குகிறவர் பத்திரம் பார்க்கிறார்; வில்லங்கம் பார்க்கிறார். அந்த வெள்ளத்தில் இங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்பதில்லை.