தெல்தோட்டை நிருபர் தேர்தலில் நிற்கும்போது

உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கினால் மலையகத்தில் வேட்புமனுவில் கையெழுத்திடுவோரிடையே பத்திரிகை நிருபர்களும் தென்படுவதுண்டு. தெல்தோட்டை போன்ற ஊரில் இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை அருகில்தான் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், முஸ்லிம் கிராமங்கள், சிங்களக் கிராமங்கள். எந்த லயத்துக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை, எந்தப் பாதைக்கு இரண்டு தடவை அடிக்கல் நாட்டினார்கள் என்பதெல்லாம் நிருபருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் பிரதேச சபைக்குப் போவது ஊருக்கு நல்லதே. ஆனால் வேட்புமனுவில் கையெழுத்திடும் அன்றே அவர் அரசியல் செய்தி எழுதுவதை நிறுத்த வேண்டும். அதைப் பத்திரிகையும் வாசகருக்கு அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே தொடர்ந்து செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதற்கு முதல் மறுப்பு மலையகத்தின் வரலாற்றிலிருந்தே வரும். கோ. நடேசய்யர் பத்திரிகையையும் அரசியலையும் எப்போது பிரித்தார்? தஞ்சாவூரிலிருந்து வந்து, புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர் அவர். தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1925இல் சட்டசபைக்குப் போனார். 1931இல் தொழிற்சங்கம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இத்தனைக்கும் நடுவில் பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் தோட்டத் தொழிலாளிக்கு அன்று குரலே இருந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேசபக்தனைக் கையில் எடுத்தவருக்கு அது யாருடைய பத்திரிகை, யாருக்காகப் பேசுகிறது என்று தெரியும். துரைமாருக்கும் தெரியும், அதனால்தான் அவர்கள் எரிச்சலடைந்தார்கள். கண்டியிலிருந்து 1882இல் வெளிவரத் தொடங்கிய சித்திலெப்பையின் முஸ்லிம் நேசனும் தன் நோக்கத்தைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டது. இன்றைய தேசியப் பத்திரிகையிலோ செய்தியின் தலையில் ‘தெல்தோட்டை நிருபர்’ என்று மட்டும் இருக்கிறது. கொழும்பில் அதைப் படிப்பவர் ஊரிலுள்ள ஒரு பக்கம் சாராத சாட்சி எழுதியதாகவே நம்புகிறார். நடேசய்யர் தம் பெயரையே பணயம் வைத்து எழுதினார். நிருபரான வேட்பாளர் பணயம் வைப்பது பத்திரிகையின் பெயரை.

‘அவர் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியுமே’ என்பார்கள். ஊருக்குத் தெரியும்தான். அமைச்சில் அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கோப்பில் வைக்கும் அதிகாரிக்குத் தெரியுமா? அதைவிட முக்கியமானது, எழுதியதில் இருக்கும் சாய்வை ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள்; எழுதாமல் விட்டதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தன் சபையில் ஒப்பந்தம் யாருக்குப் போனது என்ற செய்தியை உறுப்பினரான நிருபர் அனுப்பாமலே இருந்துவிட்டால், அப்படியொன்று நடந்ததாகவே வெளியில் தெரியாது. பெரிய நகரத்தில் இன்னொரு நிருபர் எழுதுவார். சிற்றூரில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

இப்போது இது முன்னைவிடக் கூர்மையான பிரச்சினை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதி போவதற்கு நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது. தோட்டத்தார் வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அந்த உறுப்பினர் அவர்களுடைய லயத்துப் பாதையைச் செப்பனிடப் போனால் சட்டம் குறுக்கே நிற்கும். 2018இல் வந்த திருத்தம்தான் வழிவிட்டது. தோட்டத்துக்கும் பணம் போகலாம் என்றானபோது, எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய சிபாரிசில் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிட்டன. அவற்றைக் கேட்க வேண்டியவர் நிருபர். பதில் சொல்ல வேண்டியவர் உறுப்பினர்.

நியாயமான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது, வருமானம். பிராந்திய நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்குத்தான் ஏதோ கொஞ்சம். உறுப்பினருக்குக் கிடைக்கும் கொடுப்பனவிலும் குடும்பம் நடத்த முடியாது. இந்த நிலையில் இருப்பதையும் விடு என்பது, பிற வருமானம் உள்ளவர்தான் அரசியலுக்கு வரலாம் என்று சொல்வதாகிவிடாதா? ஆகும். அதனால் முழுத் துறவறம் கேட்கத் தேவையில்லை. விளையாட்டு, இலக்கியம், பாடசாலை விழா, வானிலை எல்லாவற்றையும் அவர் எழுதட்டும், தம் பெயரோடு. சபை, கட்சி, தேர்தல், தோட்டத் தொழிற்சங்கம் ஆகியவற்றை மட்டும் வேறொருவரிடம் விட வேண்டும். அந்த வேறொருவரை நியமிப்பது பத்திரிகையின் செலவு. சொற்பக் கூலிக்கு ஊர்ச் செய்தி வாங்கிப் பழகிய நிறுவனங்களுக்கு இது கசக்கும். நிருபரின் கட்சித் தொடர்பைக் கண்டும் காணாமல் அவை இருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தோற்றவர் திரும்பி வரலாமா? இன்றைய கலப்பு முறையில் வட்டாரத்தில் தோற்றவரும் பட்டியல் வழியாகச் சபைக்குள் வர முடியும் என்பதால், முடிவு வெளியான மறுநாளே பழைய வேலைக்குத் திரும்புவது சரியல்ல. ஆசனங்கள் நிரம்பி, தவிசாளர் தெரிவு முடியும்வரையாவது காத்திருக்க வேண்டும். கட்சிப் பொறுப்பைத் துறந்துவிட்டே திரும்ப வேண்டும். வென்றவருக்கோ வேறு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் நேற்றுவரை கேட்ட கணக்குகளை, யாரும் கேட்காமலே தமிழிலும் சிங்களத்திலும் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்ட வைக்கும்படி அவர் தீர்மானம் கொண்டுவரலாம். அதை எதிர்த்து வாக்களிப்பவர்களின் பெயர்களைப் புதிய நிருபர் எழுதட்டும்.