மண்ணின் குறைக்கு மொழியின் மேல் பழியா?

கேமரன் மலைக்கு வருவோர், தேயிலைச் சரிவுகளின் எழிலைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அப்பசுமைக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் சிறிய தமிழ்ப்பள்ளியை ஏறிட்டு நோக்குவோர் மிகச் சிலரே. நோக்குவோரும் வெறுங்கண்ணால் நோக்குவதில்லை. கையில் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டே நோக்குகின்றனர். “பட்டணத்துத் தேசியப் பள்ளியைப் பாருங்கள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் பாருங்கள், தமிழில் படிப்பதால் வரும் கேடு விளங்கும்” என்பதே அத்தீர்ப்பு. இதை உரைப்போர் வேற்றினத்தார் மட்டும் அல்லர். தோட்டத்தில் பிறந்து, படித்துப் பதவி பெற்று, மலையை விட்டு இறங்கிப்போன தமிழருள்ளும் பலர் இதையே உரைக்கின்றனர்.

ஒப்பிடுதல் தவறன்று. ஆனால், ஒப்பிடுவோன் கையிலுள்ள துலாக்கோல் நேராக இருத்தல் வேண்டும். ஒரு தட்டில் அரசு நிலத்தில், அரசுப் பணத்தில் எழுந்த பள்ளியை வைத்து, மறு தட்டில் பிறர் நிலத்தில் இரவலாக நிற்கும் பள்ளியை வைத்துவிட்டு, தாழ்ந்த தட்டுக்கு மொழியைக் காரணம் காட்டுவது எந்த நீதி?

வரலாற்றைச் சற்றே புரட்டினால் உண்மை புலப்படும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை முதலாளியின் மேல் சுமத்தியது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அச்சட்டம் நடப்பிலிருந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் தங்கக் குடும்பம் வேண்டும். குடும்பம் தங்கப் பள்ளி வேண்டும். இக்கணக்கில் பிறந்தவையே தோட்டப் பள்ளிகள். பள்ளி வந்தது, பள்ளி நின்ற நிலமோ தோட்டத்தின் பட்டாவிலேயே தங்கிவிட்டது.

நாடு 1957-இல் விடுதலை பெற்றது. தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறையினுள் வந்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று, மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாயின, ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றது. ஆனால், அரசு நிலத்தில் உள்ளது முழு உதவி பெறும் பள்ளி என்றும், தனியார் நிலத்தில் உள்ளது பகுதி உதவி பெறும் பள்ளி என்றும் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் பள்ளி ஒரு வகுப்பறை கட்ட எண்ணினாலும் நிலவுடைமையாளரின் இசைவை நாட வேண்டும். அவ்வப்போது வரும் மானியத்துக்குக் காத்திருக்க வேண்டும். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி எனத் தோட்டப் பெயரையே தன் பெயராகச் சுமக்கும் பள்ளிக்கும், தேசியப் பள்ளிக்கும் இடையே உள்ள முதல் வேறுபாடு மொழியன்று, காலடி மண்ணே.

“சீனப்பள்ளிகளும் பகுதி உதவி பெறுபவைதாமே, அவை தழைக்கவில்லையா?” என்று வினவுவோர் உளர். தழைக்கின்றன, மறுப்பில்லை. அவற்றின் பின்னே வணிகரின் நன்கொடையும் வலுவான வாரியங்களும் நிற்கின்றன. விடியற்காலைப் பனியில் பிரட்டுக்குச் சென்று, கொழுந்தின் எடைக்குக் கூலி பெறும் தாய் எந்தக் கட்டட நிதிக்கு வாரி வழங்குவாள்?

“மாணவர் குறைகின்றனரே!” என்பது அடுத்த குற்றச்சாட்டு. குறைகின்றனர், மெய்தான். தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறின. அவர்கள் நின்ற நிரையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் நின்று கொழுந்தெடுக்கின்றனர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியராய் வந்தோர் அவர்கள். குழந்தையே இல்லாத லயத்திலிருந்து பள்ளிக்கு மாணவர் எங்ஙனம் வருவர்? நாட்டில் 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியதற்குத் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் இடம்பெயர்ந்ததும் பெருங்காரணங்கள் ஆகும்.

தேர்வுப் புள்ளியைக் காட்டி ஏளனம் செய்தோரும் உளர். அவர்கள் போற்றிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அளவுகோலே போன பின்னும் ஏளனம் மட்டும் போகவில்லை.

தேசியப் பள்ளியைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. பெரிய வகுப்பும் பல இன நட்பும் மலாய்மொழிப் பழக்கமும் அங்குள்ள நலன்களே. பிள்ளையை அங்கு அனுப்பும் பெற்றோர் துரோகியும் அல்லர். ஆனால், அங்கும் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கச் சட்டம் வழிவகுத்துள்ளது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறாமல், தமிழ் தேய்கிறதென்று மேடையில் கண்ணீர் வடிப்பதால் யாருக்கு என்ன பயன்?

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பள்ளி இருக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. எங்கே இருப்பது என்பதற்கே இன்னும் விடை வேண்டும். பள்ளி நிற்கும் சில ஏக்கர் நிலத்தைத் தோட்டப் பட்டாவிலிருந்து பிரித்துப் பள்ளியின் பெயருக்கு மாற்றுக! பகுதி உதவி என்னும் கோட்டை அழித்திடுக! குழந்தைகள் அற்றுப்போன தோட்டத்துப் பள்ளியை மூடிப் புதைக்காமல், தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பட்டணத்துக்கு அதன் உரிமத்தோடு பெயர்த்து நடுக! நாட்டின் வேறிடங்களில் இவை நிகழ்ந்துள்ளன. கேமரன் மலையில் மட்டும் நிகழலாகாது என்னும் விதி எதுவும் இல்லை.

அதன்பின் ஒப்பிடட்டும். சமமான மண்ணில் நிற்கும் இரு பள்ளிகளை அருகருகே வைத்து எடை போடட்டும். அந்நாள் வரும்வரை, தேயிலைச் சரிவில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் நாவைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.