காட்டுப்பன்றியைச் சுடுவது யார் வேலை?

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகைக் கடைசியில் கதிர் விட்டுப் பால் பிடிக்கும். திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி ஒன்றியத்துத் தோட்டங்களில் ராக்காவல் மும்முரமாவது அப்போதுதான். பன்றிக்கூட்டம் இறங்கினால் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போவதோடு நிற்காது. ஒரு தட்டையைச் சாய்த்து, கதிரை இரண்டு கடி கடித்து, அடுத்த தட்டைக்குப் போகும். விடிந்து பார்த்தால் தின்றதைவிடச் சாய்த்தது அதிகமாக இருக்கும். நிலக்கடலையென்றால் கொடியோடு உழுது போட்டுவிடும். தென்னங்கன்றின் குருத்தைக் குதறினால் அந்தக் குழியில் வேறு கன்றுதான் வைக்க வேண்டும். விதை, உரம், உழவுக் கூலி என்று கடன் வாங்கிப் போட்ட மானாவாரி விவசாயிக்கு ஒரே ராத்திரியில் ஒரு போகம் போய்விடுகிறது. இந்த இழப்பைச் சின்னதாக்கிப் பேசும் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

அதனால்தான் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வெளியான ஓர் அறிவிப்பு ஊர் ஊராகப் பரவியது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த க. பொன்முடி அறிவித்தார். டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது "பன்றியைச் சுடலாம்னு சட்டம் வந்துருச்சு" என்று ஆகிவிட்டது. இதை நம்பித் துப்பாக்கியையோ சுருக்கையோ எடுப்பவர் சிறைக்குப் போக நேரும். ஆகவே அறிவிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

நிலப்பரப்பு மூன்று வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்தான் செய்ய வேண்டும். சேதம் உண்மைதானா, சுடும் அளவுக்கு நிலைமை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழு. விவசாயியின் பங்கு புகார் கொடுப்பது. சுடும் அதிகாரம் அவருக்கு வரவில்லை.

இந்த வளையங்களுக்குக் காரணம் இருக்கிறது. காட்டோரத்தில் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் பன்றி இரை. அங்கே பன்றியை ஒழித்தால் சிறுத்தை ஆட்டுப்பட்டியைத் தேடி வரும். சமவெளியில் அப்படிப்பட்ட வேட்டை விலங்கு கிடையாது, நரிகூட அருகிவிட்டது. காட்டைவிட்டு இவ்வளவு தள்ளி மேயும் பன்றி ராத்திரிதோறும் மலைக்குத் திரும்புவதும் இல்லை. ஓடைக்கரைச் சீமைக்கருவேலமும் தரிசு நிலத்துப் புதரும் அதற்குப் படுக்கை, சுற்றியுள்ள தோட்டங்கள் அதற்குத் தீனி. தொப்பம்பட்டி பழனிக்கு வடக்கே விரியும் சமவெளியில் இருப்பது. பழனி மலைக் காட்டின் விளிம்பிலிருந்து இந்த ஒன்றியத்தின் பல ஊர்கள் 3 கிலோமீட்டருக்கும் வெகு தூரம். ஆகவே அறிவிப்பின் மூன்றாவது வளையம் இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் ஆங்காங்கே நிற்கும் கரடுகளிலும் சில காப்புக்காடாக அறிவிக்கப்பட்டவை. தூரம் அளக்கப்படுவது பெரிய மலையிலிருந்து அல்ல, பக்கத்தில் இருக்கும் காப்புக்காட்டிலிருந்து. உங்கள் ஊர் எந்த வளையத்தில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்து வரைபடத்தைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

இதன் பின்னால் இருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டுமே வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி விஷம் வைப்பதும் சுருக்குப் போடுவதும் பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. ஆனால் அந்த விலக்கு பயிருக்குக் கிடையாது. பயிருக்காக இருப்பது 11-ஆம் பிரிவு. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாக இருந்தால், முதன்மை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் காரணம் காட்டி அதை வேட்டையாட அனுமதிக்கலாம். சொத்து என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டு ஏற்பாடு நிற்பது இந்த வாசலில்தான்.

இன்னொரு வாசல் 62-ஆம் பிரிவு. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் 'தீங்குயிரி' என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் அந்த விலங்குக்குச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடும். பீகாரில் 2015 டிசம்பரில் நீலமானையும் காட்டுப்பன்றியையும், 2016-இல் உத்தரகாண்டில் காட்டுப்பன்றியையும் இப்படி அறிவித்தார்கள். பீகாரின் மோகாமா பகுதியில் 2016 ஜூனில் வெளியூர்ச் சுடுநர்களைக் கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட நீலமான்களைக் கொன்றது நாடு முழுக்கச் சர்ச்சையானது. கேரளமும் காட்டுப்பன்றிக்கு இதே அறிவிப்பைக் கேட்டது, மத்திய அரசு தரவில்லை. பிறகு கேரளம் 2022 மே மாதத்தில் 11-ஆம் பிரிவின் வழியே வேறு பாதை போட்டது. உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிடலாம், துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம். விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது. தமிழ்நாடு உள்ளூர்க்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. சாளைகளும் ஆட்டுப்பட்டிகளும் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிற நம் சமவெளியில், இருட்டில் பழக்கமில்லாத கை சுடும் குண்டு எங்கே போய்ப் பாயும் என்று யோசித்தால் இது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சுடும் வேலையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டால், கூப்பிட்டதும் வருவதும் அரசின் கடமையாகிறது.

மயில் கதை முற்றிலும் வேறு. பழனி வட்டாரத்தில் விதைத்த கடலையையும் முளைவிட்ட சோளத்தையும் மயில் கொத்தித் தீர்ப்பதாகப் புலம்பாத விவசாயி குறைவு. அது 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாட அனுமதிக்க வேண்டுமென்றால் அது மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது மீள முடியாதபடி நோயுற்றோ ஊனமுற்றோ இருக்க வேண்டும். பயிர்ச்சேதம் ஒரு காரணமாகவே ஏற்கப்படாது. 62-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணைக்கு மட்டும்தான். எனவே பன்றிக்கு வந்த அறிவிப்பு நாளை மயிலுக்கும் வரும் என்று காத்திருப்பது வீண். பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தூவி மயிலைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அந்தத் தானியம் கோழியையும் நாயையும் சேர்த்தே கொல்லும்.

அடுத்தது, மிகுந்த வேதனையோடு எழுத வேண்டிய விஷயம். பன்றிக்காகத் தோட்டத்தைச் சுற்றி வெறும் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட கம்பியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. யானை செத்தால் செய்தி பெரிதாகிறது. அதே மாதிரிக் கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டக்காரரும், ஏன், கம்பி கட்டியவரின் சொந்த வீட்டாரும் செத்துப்போன சம்பவங்கள் உள்பக்கச் செய்தியாகக் கடந்துபோய்விடுகின்றன. தீனிக்குள் பொதிந்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயும் அப்படித்தான். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து செத்த கருவுற்ற யானை கடித்தது பன்றிக்காக வைத்த வெடியை. மாடு மேய்க்கும் பிள்ளை ஒன்று அதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மின்வேலியே கூடாது என்று சொல்லவில்லை. சூரிய மின்வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும். இரண்டு துடிப்புக்கு நடுவில் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. சதையை இறுகப் பிடித்துவிடும். உயிர் போவதற்கும் பிழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 2023-இல் மின்வேலிகள் பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாக வேலி போட முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும். வேலிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்குச் சின்ன உபாயங்களும் உண்டு. மக்காச்சோளத்தைச் சுற்றிச் சில வரிசை ஆமணக்கு நெருக்கமாக விதைப்பதை வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். பன்றிக்கு ஆமணக்கு ஆகாது, அதன் வாடை உள்ளே இருக்கும் சோள வாசனையையும் மறைக்கும். நம் பக்கத்துக்குப் பழக்கமான பயிர்தான் அது. நூறு சதவீதம் தடுக்காது, சேதத்தைக் குறைக்கும்.

சுட்டால் பன்றி தீர்ந்துவிடுமா? இதிலும் தெளிவு வேண்டும். பன்றியின் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டி, சமயத்தில் அதற்கு மேலும். பெண் குட்டி ஏறக்குறைய ஒரு வயதில் தானும் ஈனத் தொடங்கும். வருடத்துக்கு நாலு ஆண் பன்றியைச் சுட்டு இந்தக் கணக்கை வெல்ல முடியாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2016-இல் தன் இயற்கைவளப் பாதுகாப்புத் துறையின் நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதையே தடைசெய்தது. ஒன்றிரண்டைச் சுட்டதும் மிச்சக் கூட்டம் சிதறி, புது இடங்களுக்குப் போய்ப் பெருகியதை அங்கே கண்டார்கள். பெரிய பட்டி அமைத்து, தீனி வைத்துப் பழக்கி, கூட்டம் மொத்தமும் உள்ளே வந்த பிறகு கதவை அடைக்கும் முறைக்கு மாறினார்கள். இங்கேயும் சுடுவதென்றால் தாய்ப் பன்றிகளை உள்ளடக்கிய கூட்டத்தைக் குறிவைத்து, விதைப்புக்கு முன்பே, ஒன்றியம் முழுவதும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். பயிர் அழிந்த பிறகு ஒரு தோட்டத்துக்கு வந்து ஒரு பன்றியைச் சுட்டுவிட்டுப் போவதால் பயன் மிகக் குறைவு.

கறி பற்றியும் சொல்லியாக வேண்டும். அனுமதியோடு சுட்டாலும், தானாகச் செத்துக் கிடந்தாலும், பன்றியின் உடல் அரசுச் சொத்து. யாரும் பங்கு போட முடியாது. கறியோடு நோயும் வரலாம்: 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதரைத் தொற்றாத நோய்தான். ஆனால் வீட்டில் பன்றி வளர்ப்பவரின் பட்டியை அடியோடு காலிசெய்துவிடும்.

இழப்பீட்டுப் பக்கமும் ஒரு புது வழி திறந்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு பதிந்த படங்களோடு காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவித்தால்தான் பலன் கிடைக்கும். தொப்பம்பட்டி போன்ற மானாவாரி ஒன்றியங்கள் அந்தப் பட்டியலில் விடுபட்டுவிடக் கூடாது.

இதையெல்லாம் அறிந்த பிறகும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. குழுவில் ஊராட்சித் தலைவருக்கு இடம் இருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பன்றி அறிவிப்பு வந்ததும் அதே மாதம்தான். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி காலியான நேரத்தில் அந்த நாற்காலியை நம்பி ஒரு திட்டம் வந்தது. அதனால் கேட்க வேண்டிய பொறுப்பு விவசாயிகள் மேல் வந்து விழுகிறது. சேதத்தைத் தேதியோடு படம் எடுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்: நம் ஊருக்கான குழு அமைக்கப்பட்டதா, எத்தனை முறை கூடியது, நம் புகார்களில் எத்தனைக்கு வனத்துறை ஆட்கள் வந்தார்கள்? பதில் வரும்வரை ஒவ்வொரு கிராம சபையிலும் கேளுங்கள். கம்பியில் மட்டும் மின்சாரம் பாய்ச்சிவிடாதீர்கள்.