பாலம் யாருக்கு?

ஓர் அரசாங்கம் தன் குடிகளுள் எவரை மதிக்கின்றது, எவரை மறந்து விடுகின்றது என்பதை அறிவதற்கு வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. காலை ஏழரை மணிக்கு நகரத்துப் பாலமொன்றைப் பார்த்தாற் போதும். நடுவே காரும் லொறியும் பஸ்ஸும் விரைகின்றன. ஓரத்திலே, கைபிடிச் சுவருக்கும் ஓடும் சக்கரங்களுக்கும் இடையில் எஞ்சிய ஒடுங்கிய இடத்தில், பாடசாலை மாணவியும், கூலிக்குச் செல்லும் தொழிலாளியும், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய வியாபாரியும் துவிச்சக்கர வண்டி மிதித்துச் செல்கின்றனர். வரி செலுத்துவதில் எல்லோரும் ஒன்று. வழி பெறுவதில் மட்டும் ஏன் இந்த வேறுபாடு?

பாலம் என்பது தெருவின் ஒரு துண்டுதானே என்று பொறியியலாளர் கூறலாம். அது சரியன்று. தெருவிலே ஆபத்து வந்தால் ஓரத்தில் இறங்கலாம், வேலிப்பக்கம் ஒதுங்கலாம், ஒழுங்கையொன்றில் திரும்பலாம். பாலத்தில் ஒதுங்க இடமில்லை, திரும்ப வழியில்லை. பக்கத்திலே வேறு பாலமும் கிடையாது. தெருவில் பிறர் செய்யும் சிறு தவறு ஒருவனுக்கு அச்சத்தை மட்டும் தந்து போகக்கூடும்; பாலத்தில் அதே தவறு அவன் உயிரையே கேட்கும்.

இதன் காரணங்கள் மறைபொருளானவை அல்ல. லொறியொன்றின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். சாதாரண வீதி ஒழுங்கின் அகலம் மூன்றரை மீற்றர். மிஞ்சும் ஒரு மீற்றரில் சைக்கிள் ஓட்டுபவன் எப்படிப் பிழைப்பான்? பாலத்தின் ஏற்றத்தில் அவன் வேகம் குறைகின்றது; வேகம் குறையும்போது வண்டி தளம்புகின்றது. நீர்ப்பரப்பின் மேல் வீசும் குறுக்குக் காற்று அவனைத் தள்ளுகின்றது. பாலத் துண்டுகள் சேரும் இரும்பு மூட்டுகளும், மழைநீர் வடியும் துவாரங்களும் மெல்லிய சக்கரத்தைப் பற்றிக்கொள்கின்றன. நடப்பவனுக்குப் போதுமான கைபிடிச் சுவர், ஆசனத்தில் உயர்ந்திருப்பவனைக் காக்கப் போதுமானதன்று. இவ்வளவையும் கணக்கெடுத்துப் பாலம் அமைப்பது கடினமான வித்தை அல்ல. கணக்கெடுக்க வேண்டுமென்ற எண்ணம் இருந்தாற் போதும்.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1920களில், ஆளுநராயிருந்த சேர் வில்லியம் மன்னிங்கின் மனைவியார் பெயரால் அமைந்த இரும்புப் பாலம் அது. நீளம் ஏறக்குறைய 288 மீற்றர். ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கத்து வாகனங்கள் காத்து நிற்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கியது. பல தலைமுறைகள் அவ்வாறே காத்து நின்றன. 2013ஆம் ஆண்டில், யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் அதன் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. பழைய பாலத்தை இடித்து இரும்புக்கு விற்றுவிடாது விட்டு வைத்தார்கள். அது நல்ல செயல். கனரக வாகனங்களின் சுமை நீங்கிய பழைய பாலம், கால்நடையாகச் செல்வோருக்கும் மாலைக் காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடுவோருக்கும் உரியதாயிற்று. இந்நாட்டிலே பாதசாரிக்கென்று பெரும் பாலமொன்று கிடைத்த அரிய சந்தர்ப்பம் அது.

ஆனால் தற்செயலாகக் கிடைத்த நன்மையை நிரந்தர உரிமையென எண்ணி நாம் உறங்கிவிடலாகாது. உப்புக் காற்றில் நிற்கும் இரும்புக்கு வர்ணம் பூச்சன்று, மருந்து. அதை ஒருமுறை தவறவிட்டால் துரு ஏறும். துரு ஏறினால், ஆபத்து என்று பலகை தொங்கும். பலகை தொங்கினால் பாலம் மூடப்படும். மூடிய பின் அத்தனை பேரும் புதிய பாலத்தின் ஓரத்திற்குத் துரத்தப்படுவர். ஆகவே பழைய பாலத்தைப் பேணுவதற்கென ஆண்டுதோறும் தனியான பணம் ஒதுக்கப்பட வேண்டும். அதை அழகுச் சின்னமாக மட்டும் கருதாது, மக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் பாதையாகக் கருதி, விளக்கேற்றிக் காவல் செய்ய வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் வாழும் மக்களுக்கு அப்பாலம் போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடிக் கரையையும் நாவலடியையும் கடல் விழுங்கியதை எவரும் மறந்திரார். அத்தகைய வேளையில் மக்கள் ஓடுவது காலால். காருக்கு மட்டுமே வழி வகுக்கும் பாலம், ஓடிவரும் தாய்க்கும் குழந்தைக்கும் என்ன வழி காட்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீதி விபத்துகளால் உலகில் ஆண்டொன்றுக்கு மடிவோர் தொகை ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம். அவர்களுள் நூற்றுக்கு 23 பேர் பாதசாரிகள். 6 பேர் சைக்கிளில் சென்றோர். இலங்கையிலும் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழக்கின்றனர். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேத விபத்து நேரும் அபாயம் நூற்றுக்கு நான்கு கூடுகின்றதென்று அதே நிறுவனம் கூறுகின்றது. அப்படியாயின் வேகத்தைக் குறைப்பது உயிரைக் காப்பதற்கு ஒப்பாகும். அரை மைலுக்கும் குறைந்த ஒரு பாலத்தில் வேகத்தைத் தணிப்பதால் இழக்கும் நேரம் எவ்வளவு? சில விநாடிகள்!

பாலத்தின் அகலத்தைப் பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் பங்கிட்டால் வாகனங்கள் தேங்கிவிடும் என்போர் உளர். இவர்களது அச்சம் பிற நாடுகளிலே சோதித்துப் பார்க்கப்பட்டு விட்டது. கனடாவின் வான்கூவர் நகரில் 1932இல் திறக்கப்பட்ட பரார்ட் பாலத்தில், 2009ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்களின் ஒரு வரிசை சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்டது. பெருங்குழப்பம் நேருமென்று எதிர்த்தவர்கள் அந்நாளிற் பலர். குழப்பம் நேரவில்லை, ஒழுங்கு நிலைத்தது. 1883இல் திறக்கப்பட்ட நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தில் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் ஒரே ஒடுங்கிய மேடையில் நெடுங்காலம் முட்டிமோதினர். 2021இல் காருக்குரிய வரிசையொன்றை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் லூயிசா இராணியார் பாலத்தை ஒரு நாளில் ஏறத்தாழ 40,000 சைக்கிள்கள் கடக்கின்றன. அத்தனை பேரும் காரில் ஏறியிருந்தால் அந்நகரம் அசையுமா? கார்களின் வரிசையைக் குறைப்பவர் சைக்கிளோட்டி. அவருக்கு இடம் கொடுப்பது காரில் செல்பவருக்கும் செய்யும் உபகாரமே.

இவை செல்வந்த நாடுகளின் விளையாட்டு என்று தட்டிக் கழிப்பதும் பொருந்தாது. அயல்நாடாகிய இந்தியாவில், அந்நியர் ஆட்சிக் காலத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் திறக்கப்பட்டது கல்கத்தாவின் ஹௌரா பாலம். அதில் 71 அடி அகலமான வாகனப் பாதையின் இரு பக்கத்தும் 15 அடி அகலமான நடைபாதைகள் வகுக்கப்பட்டன. அந்நியனுக்குத் தோன்றிய நியாயம் சுதந்திர நாட்டு மந்திரிமாருக்குத் தோன்றாமற் போவதா?

கொழும்பின் நிலையையும் பார்ப்போம். களனி கங்கையின் மேல் 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படுமுன், தோணிகளைப் பிணைத்துக் கட்டிய பாலத்தில் மக்கள் நடந்தே சென்றனர். 2021 நவம்பரில், இரும்பு வடங்களில் தொங்கும் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. இந்நாட்டுப் பொறியியலில் அது ஒரு பெருஞ் சாதனை, மறுப்பதற்கில்லை. ஆயினும், அதிவேக நெடுஞ்சாலைகளிலே பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. நூறாண்டுக்கு மேலாகப் பாலங்கள் பெருத்தன. அவற்றில் ஏழையின் பங்கு சிறுத்தது. அதிவேகப் பாலத்துக்குக் கோடிகள் கிடைக்குமாயின், கங்கையின் பழைய பாலங்களில் காலால் கடப்போருக்கு நல்ல தடுப்பும் விளக்கும் அமைக்கச் சில இலட்சங்கள் கிடைக்காவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சைக்கிளோட்டியைக் காப்பாற்றுவதாகக் கூறி அவனை நடைபாதை மேல் ஏற்றிவிடுவது தீர்வாகாது. அதனால் முதியவரும் கைக்குழந்தை ஏந்தியவரும் அஞ்சி ஒதுங்க நேரிடும். வறியவர் இருவரை ஒரு முழ நிலத்திற்காக மோதவிட்டு, வசதி படைத்தவர் நடுவே விரைவது நீதியாகாது. இருவருக்கும் தனித்தனி இடம் வேண்டும். அவ்விடத்தைச் சைக்கிள் நுழையாதபடி வளைந்த கம்பிகளால் அடைப்பதும் தவறு. போரினால் கால் இழந்து சக்கர நாற்காலியில் வாழ்வோர் எம்மிடையே எத்தனை பேர் என்பதை அதிகாரிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்காக இரவு பகலாய் வரிசையில் நின்ற அந்நாட்களில், மூலையிற் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. அலுவலரும் ஆசிரியரும் அவற்றில் ஏறினர். அரசாங்கம் விழுந்த வேளையிலும் சைக்கிள் நின்று கொடுத்தது. ஆனால் அந்தப் பாடம் எழுத்தளவிலும் எஞ்சவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனங்கள் வந்தன. பாலங்களின் அகலம் பழைய அளவிலேயே இருந்தது. நெருக்கடி வந்தபோது சைக்கிளைப் போற்றியவர்கள், நெருக்கடி தணிந்ததும் அதன் வழியை மறந்தனர்.

அதைவிடக் கசப்பான பாடமொன்று கிண்ணியாவில் உண்டு. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டு வந்தபோது மக்கள் படகுப் பாதையிற் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை அது கவிழ்ந்தது. பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் நீரில் மாண்டனர். காரில் செல்பவர் சுற்றுவழியாகவேனும் போகலாம். காலால் நடக்கும் சிறுவனுக்குச் சுற்றுவழி ஏது? பாலம் கட்டி முடியும்வரை அவனுடைய உயிருக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி ஒப்பந்தப் பத்திரத்தின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியது.

இந்த அலட்சியத்தின் வேர் எங்குள்ளது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குள் அமைந்த வீதிகளையும் பாலங்களையும் மாகாண சபையின் பொறுப்பில் வைத்தது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் மேலுள்ள பாலங்களும் அதற்கு விலக்கு. கல்லடிப் பாலம் அத்தகைய நெடுஞ்சாலையில் உள்ளது. நாளாந்தம் அதைக் கடப்பவர் மட்டக்களப்பில் வாழ, அதில் கோடு கீறுவதற்கும் அனுமதி கொழும்பிலிருந்து வர வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017இல் முடிந்தது. 2025 முடியும்வரையும் தேர்தல் நடைபெறவில்லை. தன் வாசலிலுள்ள பாலத்தின் ஓரத்தைத் தானே அமைக்க அதிகாரமற்ற மக்களுக்கு, அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல் வெறும் ஓசையே. பெரும் உரிமைகளைப் பற்றிப் பேசுகின்ற நாம் இச்சிறு உரிமையை அற்பமெனக் கருதலாகாது. சுயாட்சி என்பது ஊரார் தம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியைத் தாமே செப்பமிடுவதிலும் தங்கியுள்ளது.

எனவே எமது கோரிக்கைகள் இவை. முதலாவதாக, வடக்கு கிழக்கிலும் கொழும்பிலும் உள்ள ஒவ்வொரு நகரப் பாலத்திலும் காலையும் மாலையும் நடப்போரையும் சைக்கிளிற் செல்வோரையும் எண்ணிக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். வாகனங்களை எண்ணுகின்ற இலாகாவுக்கு மனிதரை எண்ணுவது பாரமாகாது. இரண்டாவதாக, பாலங்களின் மேல் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, இடமுள்ள பாலங்களில் சைக்கிளுக்குத் தடுப்புடன் கூடிய தனி வழியும், இடமற்ற பாலங்களில் பக்கத்தே இணைக்கும் நடைப்பாலமும் அமைய வேண்டும். நான்காவதாக, விளக்கு, மூட்டு, வடிகால் ஆகியவற்றைப் பார்வையிடும் பொறுப்பும் அதற்குரிய பணமும், 2025 மே மாதத்தில் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, கால்நடையாய்ச் செல்வோருக்கு வழி காட்டாத எந்தப் பாலத் திட்டத்துக்கும், கட்டி முடியும்வரை பாதுகாப்பான மாற்றுவழி வகுக்காத எந்த ஒப்பந்தத்துக்கும் அனுமதி கொடுக்கலாகாது.

மாநகர சபைகளும் தம் பங்கைச் செய்யாமல் மத்திய அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கலாகாது. பாலத்தின் இரு தலைப்பிலும் தள்ளுவண்டிகளும் நிறுத்திவைத்த வாகனங்களும் நடைபாதையை அடைத்து நின்றால், அதை நீக்கும் அதிகாரம் அவற்றிடமே உண்டு. அதற்குக் கொழும்பின் கடிதம் தேவையில்லை.

2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியை, கார் வைத்திருப்பவரைப் போலவே சைக்கிள் மிதிப்பவரும் கடைதோறும் செலுத்தினர். வெளிநாட்டுக் கடனில் எழும் ஒவ்வொரு பாலத்தின் கடனையும் அவருடைய பிள்ளைகளே தீர்ப்பர். அவர் கேட்பது தானம் அன்று. தாம் பணம் கொடுத்த பாலத்தில் உயிரோடு கடந்து செல்வதற்கு இரண்டு மீற்றர் அகலமான பங்கு மட்டுமே. அந்தப் பங்கைக் கொடுக்க மறுக்கும் அரசாங்கம், எத்தனை பாலங்களைத் திறந்து வைத்தாலும், தன் மக்களில் ஒரு பாதியை மறுகரையிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றது.